குத்துறான், கூவுது, விழுந்திட்டுது: சண்டை முடிஞ்சும் எங்கட வாயை விட்டுப் போகாத சொல்லுகள்

கிடுகுவேலி

கனகாலத்துக்குப் பிறகு ஒரு இழை துவங்கிறன், பிழையான பகுதியில போட்டிருந்தா நெறியாளர் மாத்திவிடுங்கோ.

போன யூலை முதலாம் திகதி, கனடா டே. ஸ்காபரோவில எங்கட வீட்டுக்குப் பின்னால இருக்கிற பார்க்கில வாணவேடிக்கை விட்டவங்கள். அம்மா குசினியில இடியப்பம் புழிஞ்சுகொண்டு நிண்டவ. தூரத்தில "டும்" எண்டு முதல் சத்தம் கேட்டதுதான், உரலை அப்பிடியே வைச்சிட்டு "குத்துறான் குத்துறான், பிள்ளையை உள்ளுக்குக் கூப்பிடு" எண்டு சொல்லிப்போட்டா. சொன்னாப்பிறகுதான் தனக்கே விளங்கிச்சுது, சிரிச்சா. மகளுக்கு 9 வயசு, சும்மா விடுவாளே, "அப்பம்மா, ஆர் ஆரைக் குத்துறது, கத்தியாலயோ?" எண்டு கேட்டாள்.

நான் விளங்கப்படுத்த வெளிக்கிட்டு பாதியில நிண்டிட்டன். ஷெல் அடிக்கிறவன்ர பக்கத்தில அது வெளிக்கிடுற சத்தம் உரலில மா இடிக்கிற மாதிரித்தான் எங்களுக்குக் கேட்கும், அதுதான் குத்துறது. பிறகு சில செக்கன் இருக்கு. அந்த இடைவெளிக்குள்ள பங்கருக்குள்ள பாயோணும். தலைக்கு மேலால கூவிக்கொண்டு போனா அது உனக்கில்லை, அங்கால ஆருக்கோ. பேந்து "விழுந்திட்டுது". இந்த மூண்டு வினைச்சொல்லும் யாழ்ப்பாணத்துச் சின்னப்பிள்ளைக்கும் தெரியும், குத்துது கூவுது விழுது. எழுவாய் கூடச் சொல்லத் தேவையில்லை. ஆர் குத்துறான் எண்டு ஒருத்தரும் கேட்கமாட்டினம்.

உங்கட வீடுகளில இப்பிடி என்ன சொல்லுகள் இன்னும் புழங்குது எண்டு எழுதுங்கோவன். அரசியல் கதைக்கிறதுக்கு வேற இழை கனக்க இருக்கு, இதில சொல்லுகளை மட்டும் பாப்பம்.

சங்கக்கடை

நல்ல இழை தம்பி. எனக்கு 68 வயசு, ரைப் பண்ண நேரம் எடுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

எங்கட ஆக்களுக்கு பிளேனுக்குப் பேர் வைக்கிறதில ஒரு கெட்டித்தனம் இருந்தது. முதல் வந்தது இத்தாலிக்காரன்ர சியாய் மார்கெட்டி, சின்னப் பிளேன், அதைச் சனம் சியாமாசெட்டி ஆக்கிச்சுது. என்ர மாமியார் அதையும் சுருக்கி "செட்டி வாறான்" எண்டுவா. ஏதோ கடன் கேட்டு வாற ஆள் மாதிரி! பேந்து மெதுவா உருண்டு உருண்டு வந்து பீப்பாக்குண்டு போடுற பழைய சாமான் ஏத்துற பிளேன், அது சகடை. தேர் இழுக்கிற மாதிரி ஒரு சத்தம் அதுக்கு, பேர் வைச்சவன் ஆரெண்டு தெரியாது, ஆனா அதைவிடப் பொருத்தமான பேர் இல்லை. புக்காரா, சுப்பர்சொனிக், 96க்குப் பிறகு கிபிர், 2000க்குப் பிறகு மிக். எந்தப் பிளேன் எண்டு சத்தத்தில சொல்லாத ஆள் ஊரில இல்லை. பள்ளிக்கூடத்தில சோதனை வைச்சிருந்தா எல்லாரும் பாஸ்.

பாஸ் எண்டதும் ஞாபகம் வருது. எங்கட தலைமுறைக்கு பாஸ் எண்டா சோதினை பாஸ் இல்லை. வெளியில போக இயக்கம், அதுதான் புலியள், தாற பாஸ், அதுக்கு ஒரு ஆள் பிணை நிக்கோணும். வவுனியாவுக்கு வந்தா அங்க ஆமி தாற பாஸ், அது நாள் கணக்கு. ஒரே ஆள் ரெண்டு பக்கத்துப் பாஸையும் ரெண்டு பொக்கற்றில வைச்சுக்கொண்டு, எந்தச் சோதனைப் பொயின்ற்றில எந்தப் பொக்கற் எண்டு பிழைவிடாமல் எடுக்கோணும். நான் ஒருக்கா மாறி எடுத்தனான். அந்தக் கதை இஞ்ச வேண்டாம்.

மதுரைவீதி

ஐயா வணக்கம், நான் மதுரைக்காரன், இங்க ரொம்ப நாளா வாசிக்கிறேன், எழுதுறது இப்பதான். எனக்குப் பாதி சொல்லு புரியல ஆனா நிறுத்தாம படிச்சிட்டேன். "ரைப் பண்ண"னு எழுதுறீங்களே, டைப் தானே? ரயர்னா டயரா?

ஸ்கூல்ல என்கூட ஆனையூர் முகாம்ல இருந்து ஒரு பையன் படிச்சான். கிளாஸ்ல எங்களவிட பக்கா மதுரை பேசுவான், "என்னடா பங்காளி"ன்னுதான் கூப்பிடுவான், ஆனா அவங்க அம்மா கேட்டுக்கு வந்துட்டா ஒரே செகண்டுல "ஓம் அம்மா, வாறன்"னு மாறிடுவான். நாங்க சிரிப்போம். ஏன் மாத்துறன்னு கேட்டதுக்கு "அம்மாவுக்கு உங்க பாஷைல பேசினா நான் தொலைஞ்சு போயிட்டேன்னு நெனச்சுக்குவாங்க"ன்னான். அப்ப அது வெளையாட்டுக்குச் சொல்றான்னு நெனச்சேன். 2021ல இங்க அரசு அகதிகள் முகாம்ங்கிற பேர மறுவாழ்வு முகாம்னு மாத்துச்சு. பஸ்ல கண்டக்டர் இன்னும் "கேம்ப் எறங்கு"ன்னுதான் சொல்றாரு.

யாழ்ப்பாணத்துக்குப் பொருள் போக விடாம அரசாங்கம் தடை போட்ட காலத்துல எப்படி வாழ்ந்தீங்கன்னு கொஞ்சம் எழுதுங்க ஐயா.

சங்கக்கடை

//ரயர்னா டயரா?//

ஓம் ராசா, டயர்தான். நீங்கள் எழுதுறது பிழை, நாங்கள் எழுதுறது சரி :) இதுக்கு 20 பக்கம் சண்டை பிடிச்ச இழை ஒண்டு இஞ்ச கிடக்கு, தேடிப் பார்.

90 யூனுக்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்கு கரண்ட் இல்லை. பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை, சீமெந்து இல்லை, உரம் இல்லை, சவர்க்காரம் கண்ணிலயும் காணக் கிடையாது. சனத்தின்ர வாயில "தடை" எண்டா இதுதான், வேற விளக்கம் தேவையில்லை. இந்தப் பொருள் தடை, அந்தப் பொருள் தடை இல்லை, அது ஒரு இலக்கணம் மாதிரி மனப்பாடம். 

மண்ணெண்ணெய் இருந்தது ஆனா யானை விலை, குதிரை விலை. அதால வந்ததுதான் ஜாம் போத்தல் விளக்கு. போத்தலுக்கு அடியில கொஞ்சம் பஞ்சு, பஞ்சு நனையிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், பழைய சைக்கிள் ரியூப்பில வெட்டி எடுத்த வால்வு கட்டைக்குள்ளால திரியை விட்டு பஞ்சில நிமித்தி வைக்கிறது. சுவாலை ஒரு கச்சான் கொட்டை அளவு இருக்கும், போத்தலுக்குள்ளயே எரியும், காத்துக்கு நூராது. ரெண்டு தேக்கரண்டி எண்ணெயில ஒரு இரவு. அந்த வெளிச்சத்தில என்ர மகள் ஓஎல் சோதினைக்குப் படிச்சவள். விடிய எழும்பினா பிள்ளையளின்ர மூக்குக்குள்ள கரி.

சைக்கிளைத் தலைகீழாக் கவிட்டு வைச்சு ஒருத்தர் பெடலைச் சுத்த, டைனமோவில ரேடியோ. செய்தி நேரத்துக்கு ஊரே ஒரு முத்தத்தில. சுத்துற பெடியன் களைச்சா செய்தி வாசிக்கிறவற்ற குரல் பேய்க்குரல் மாதிரி இழுபடும், "டேய் சுத்தடா, இழப்பு எத்தினை எண்டு சொல்லப்போறான்" எண்டு கத்துவம். மோட்டசைக்கிளுக்கு கண்ணுக்கு விடுற மருந்துப் போத்தலில கொஞ்சம் பெற்றோல், காபரேற்றருக்கு ரெண்டு சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணி, பேந்து மண்ணெண்ணெயில ஓடுறது. பின்னால வாறவன் புகைக்குள்ள வரோணும்.

உடுப்பு தோய்க்க பனம்பழம். நுரைக்கும், அழுக்கும் போகும், ஆனா கொடியில காயப்போட்டா மாடு வந்து சப்பும். என்ர ஒரேயொரு வெள்ளை நாசனல் சேட்டை மாடு சப்பினது, கலியாண வீட்டுக்குப் போட வைச்சிருந்தது. பேப்பர் அடிக்கத் தாள் இல்லாமல் பள்ளிக்கூடக் கொப்பித்தாளில, கோடு போட்டபடியே, அடிச்சு வந்த காலமும் இருந்தது.

இதெல்லாம் இப்ப சொன்னா பேரப்பிள்ளையள் பிக்னிக் கதை மாதிரிக் கேக்குதுகள். நானும் பிக்னிக் மாதிரித்தான் சொல்லுறன், என்ன செய்ய. மற்றதைச் சொல்ல வாய் வராது.

சோனகதெரு90

சங்கக்கடை ஐயா, சைக்கிள் டைனமோ கதையை வாசிச்சு சிரிச்சன், எங்கட வாப்பாவும் அதுதான் செஞ்சவர், ஆனா எங்களுக்கு அந்தக் கதை நாலு மாசத்தோட முடிஞ்சுது. 

கிடுகுவேலி, சொல்லுகளை மட்டும் பாப்பம் எண்டீங்க. சரி, ஒரு சொல்லு தாறன். உங்க எல்லாருக்கும் "இடம்பெயர்வு". எங்களுக்கு "வெளியேற்றம்". 90 ஒக்டோபர் 30, ஜின்னா மைதானத்துக்கு வரச்சொல்லி இயக்கம் லவுட்ஸ்பீக்கர்ல கூப்பிட்டு, ஊரை விட்டுப் போக ரெண்டு மணித்தியாலம் தந்தாங்க. எனக்கு 8 வயசு. உம்மா அடுப்பில வைச்ச சோத்தை இறக்கவா விடவா எண்டு கேட்டது நினைப்பிருக்கு. இதுக்கு இடம்பெயர்வு எண்டு எப்பிடிச் சொல்லுற? இடம் பெயருறது எண்டா நான் பெயர்ந்தது. எங்களை ஆரோ பெயர்த்தது. மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி எல்லா இடத்தாலயும் அந்தக் கிழமைகளில வடக்கு முஸ்லிம்கள் முழுக்க.

புத்தளத்தில போய் இறங்கினா, அங்கத்தப் பிள்ளைங்க எங்களுக்கு வைச்ச பேர் அகதி. பள்ளிக்கூடத்தில அகதிப்புள்ள, கடையில அகதிக்காரன். எனக்கு இப்ப 40 தாண்டிட்டு, என்ர மகன் புத்தளத்தில பிறந்தவன், அவனையும் ஒருத்தர் அகதி எண்டு சொன்னது. வாரிசுரிமை மாதிரி இறங்குது அந்தச் சொல்லு.

அலம்பல்

இழை துவங்கினவர் அரசியல் வேண்டாம் எண்டு எழுதியிருக்கு, 4 பதிவு தாண்டேல்ல, கொண்டந்து செருகியாச்சு. ஊரில இருந்த எல்லாருக்கும் கஷ்டம்தான். 95ல நாங்களும்தான் ஒரு இரவில எழும்பி ஓடினது, ஒருத்தரும் எங்களைக் கேட்டு ஓடச் சொல்லேல்ல.

சோனகதெரு90

//95ல நாங்களும்தான் ஒரு இரவில எழும்பி ஓடினது//

ஓம், தெரியும். 95 ஒக்டோபர் 30, ஆமி வர யாழ்ப்பாணத்துச் சனம் வெளிக்கிட்ட நாள். எங்களுக்கு நடந்து சரியா அஞ்சு வருசம், அதே திகதி. அண்டைக்கு புத்தளத்து முகாமில ரேடியோவில கேட்டம். வாப்பா ஒண்டும் சொல்லேல்ல. உம்மா மட்டும் "மழை பெய்யுதாமே, பிள்ளைகுட்டியளோட என்ன செய்யுதுகளோ" எண்டா. அரசியல் எண்டு நினைச்சா நினைச்சுக்கொள்ளுங்க, எனக்கு இது வீட்டுக்கதை.

நெறியாளர்

அலம்பல், ஒருவர் தன் வீட்டில் புழங்கும் சொல் ஏன் வேறு என்று சொல்வது இழைக்குள் அடங்கும். தொடருங்கள். இருவருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கிடுகுவேலி

சோனகதெரு, நான் எழுதேக்க உங்களை நினைக்கேல்ல, அது என்ர பிழை. அந்தத் திகதி விசயம் எனக்கு இண்டைக்குத்தான் உறைச்சுது, ரெண்டையும் தனித்தனியாத் தெரியும், சேத்துப் பாக்கேல்ல.

எங்கட வீட்டில 95 எண்டு வருசம் சொல்லமாட்டம், "ஓடினது" எண்டுதான். "இந்த உரல் ஓடேக்க கொண்டுபோனது", "ஓடினதுக்குப் பிறகு பிறந்தவள்". நாவற்குழிப் பக்கம் அந்த றோட்டில நாங்கள் ஓடவேயில்லை, ஒரு அடி வைக்க ஒரு நிமிசம், சனத்துக்குள்ள சனம், மாட்டுவண்டில், தட்டிவான், லான்ட்மாஸ்ரர், ஆசுப்பத்திரியால இறக்கின ஆக்களை சைக்கிளில வைச்சு உருட்டிக்கொண்டு. விடாய் தாங்காமல் குடையைத் தலைகீழாப் பிடிச்சு மழைத் தண்ணி ஏந்திக் குடிச்சனாங்கள். ஆனா சொல்லு என்னவோ ஓடினதுதான்.

இன்னொண்டு. அந்தப் பெடியளைச் சொல்லுற பேர் இடத்துக்கு இடம் மாறும். வீட்டுக்குள்ள பொடியள். வெளி ஆக்களோட இயக்கம். கொழும்பில இருந்து ரெலிபோனில எண்டா "அவை". ஆமிக்காரன் முன்னால எண்டா எல்ரீரீஈ, அதையும் கொஞ்சம் பயந்து பயந்து. ஒரு ஆள் ஒரு நாளைக்கு நாலு பேர் பாவிச்சு, நாலும் ஒரே ஆக்களைத்தான். அம்மா சொல்லுவா, கதைக்க முதல் ஆர் முன்னால நிக்கிறான் எண்டு பாத்திட்டுத்தான் நாக்கு அசையோணும் எண்டு.

வெள்ளவத்தை ஒழுங்கை

கொழும்பில இருந்த எங்களுக்கு நாக்குத்தான் ஐடென்ரிற்றிக் காட். 83 யூலையில, தமிழருக்கு அடிச்ச கலவரத்தில, சந்தேகப்பட்ட ஆளைப் பிடிச்சு வாளியைக் காட்டி இது என்ன எண்டு கேட்டாங்கள். சிங்களத்தில வாளிக்கு பால்திய. எங்கட ஆக்களுக்கு, அதுவும் வயசுபோனதுகளுக்கு, சொல்லின்ர துவக்கத்தில அந்தக் கனமான எழுத்து வராது, மெல்லிசாத்தான் வரும். அந்த ஒரு எழுத்தில உயிர். பாருங்கோ, நான் இப்ப உங்களுக்கு ரெண்டு உச்சரிப்பையும் எழுதிக்காட்ட ஏலாமல் இருக்கு. சரியாச் சொன்னாலும் "ப", பிழையாச் சொன்னாலும் "ப". 

அப்பா அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் கண்ணாடிக்கு முன்னால நிண்டு சொல்லிப் பழகினவர். 20 வருசம் கழிச்சும் குளிக்கேக்க தனக்குள்ள அந்தச் சொல்லைச் சொல்லுறது கேட்கும். அம்மா பஸ்ஸில ஏறமுதல் பொட்டை அழிப்பா, இறங்கி வீட்டுப் படியில கால் வைக்கேக்க கைப்பையைத் திறந்து திருப்பி ஒட்டுவா. நாங்கள் பஸ்ஸுக்குள்ள அம்மா எண்டு கூப்பிடக்கூடாது, ஒண்டும் சொல்லாமல் சீலையைப் பிடிச்சு இழுக்கோணும்.

வன்னிக்காடு

நான் இதில எழுதுறதா வேண்டாமா எண்டு ரெண்டு நாளா யோசிச்சனான். 2009ல, வன்னியில கடைசிச் சண்டை நேரம், எனக்கு 13 வயசு. யாழ்ப்பாணத்து ஆக்கள் 95 வரைக்கும் உள்ள சொல்லுகள் எழுதியிருக்கிறீங்கள், நாங்கள் அதுக்குப் பிறகு உள்ள சொல்லுகள்.

வண்டு. ஆள் இல்லாத வேவு பிளேன். இரவு பகல் மேல நிண்டு ங்ங்ங் எண்டு இரையும், எங்கட வீட்டில "வண்டு நிக்குது, அடுப்பு மூட்டாதை" எண்டுதான் கதை, புகை தெரிஞ்சா அந்த இடத்துக்கு ஷெல் வரும் எண்டு. இப்ப கலியாண வீட்டில வீடியோ எடுக்க ட்ரோன் விடுறாங்கள்தானே, அதே சத்தம். என்ர தங்கச்சியின்ர கலியாணத்துக்கு போட்டோக்காரன் ட்ரோன் பக்கேஜ் இருக்கு எண்டு சொல்ல அம்மா வேண்டாம் எண்டிட்டா. அவன் காசுக்குப் பாக்கிறா எண்டு நினைச்சு விலையைக் குறைச்சுக்கொண்டே போனான்.

அடுத்தது பிள்ளைபிடிகாரர். சின்னனில சோறு தின்னாட்டி பிள்ளைபிடிகாரன் வருவான் எண்டு எல்லா ஊரிலயும் வெருட்டுவினம்தானே. எங்களுக்கு அது 2007, 2008ல உண்மையா வந்திட்டுது. இயக்கம் வீட்டுக்கு ஒரு ஆள் வேணும் எண்டு தொடங்கி, பேந்து கணக்கு இல்லை. "அங்கால வீட்டில பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள்." பேப்பரில அதுக்குக் கட்டாய ஆட்சேர்ப்பு. அக்காவை பங்கருக்குப் பக்கத்தில வேற ஒரு கிடங்கு வெட்டி அதுக்குள்ள வைச்சு மேல விறகு அடுக்கி வைச்சனாங்கள். கலியாணம் கட்டினா விடுவினம் எண்டு 17 வயசுப் பெட்டையளுக்கு அவசரம் அவசரமாத் தாலி. பேந்து அதையும் பாக்கேல்ல. சண்டை முடிஞ்சு கனகாலத்துக்குப் பிறகு பக்கத்து வீட்டு அன்ரி தன்ர மூண்டு வயசுப் பேரனுக்கு சோறு தீத்தேக்க "பிள்ளைபிடிகாரன் வாறான்" எண்டு வாயெடுத்திட்டு பாதியில "பூனை வருது" எண்டு மாத்தினவ. நான் பக்கத்தில நிண்டனான்.

பாதுகாப்பு வலயம். 2009 ஜனவரியில அறிவிச்சது முதலாவது. அதுக்குள்ள வரச்சொல்லி, வந்தாப்பிறகு அதுக்குள்ளயே விழுந்தது. பேந்து ரெண்டாவது வலயம், மூண்டாவது வலயம், ஒவ்வொண்டும் முன்னதைவிடச் சின்னன். இப்பவும் எங்கயாவது போட்டில பாதுகாப்பு எண்டு எழுதியிருந்தா எனக்கு அங்க நிக்க விருப்பமில்லை. சிரிக்காதேங்கோ, வங்கி வாசலிலயும் அப்பிடித்தான்.

கடற்கரை மண்ணில பங்கர் வெட்டினா சரிஞ்சு விழும், பனங்குத்தியும் இல்லை, மண்மூட்டை கட்ட உரைப்பையும் முடிஞ்சுது. அப்ப சீலையைத்தான் வெட்டித் தைச்சு மூட்டை ஆக்கினது. அம்மாவின்ர கூறைச்சீலை கடைசியாத்தான் போனது, அரக்கு நிறம், சரிகைக்கரை, அதை நாலாக் கிழிச்சு நானும் அவவும் ஊசியால தைச்சனாங்கள். எல்லாருடைய பங்கர் வாசலிலயும் பட்டு, கொட்டன், நைலெக்ஸ் எண்டு கலர் கலரா மூட்டை, வெயிலுக்கு மினுங்கும். தூரத்தில பாத்தா திருவிழா மாதிரி இருந்தது எண்டு சொன்னா ஆரும் நம்பமாட்டினம்.

அங்கால வந்தாப்பிறகு செட்டிகுளம் மெனிக் பாம். வெளியில முள்ளுக்கம்பி, வாசலில ஆமி, அதுக்குப் பேர் நலன்புரி நிலையம். நாங்கள் சோன் ரூ, ரெண்டாவது பகுதி, எண்டுதான் சொல்லுறது. ராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி எண்டு பெரிய ஆக்களின்ர பேர் வைச்சிருந்தவை ஒவ்வொரு சோனுக்கும். சமூகக்கல்விப் புத்தகத்தில அந்தப் பேருகளைப் படிக்கேக்க எனக்கு தண்ணி லைன்தான் ஞாபகம் வரும்.

மதுரைவீதி

படிச்சேன்ணே. என்ன எழுதுறதுன்னு தெரியல.

வாவிமகள்

மட்டக்களப்பில இருந்து எழுதுறன். எங்க பக்கத்துச் சொல்லு வெள்ளை வேன், ஆக்களைக் கடத்திக்கொண்டு போன வேன். இப்பவும் ஒழுங்கையில நம்பர் தெரியாத வெள்ளை வேன் ஒண்டு மெதுவா வந்தா மாமி படலையைச் சாத்திப்போட்டு வருவா, அது பாலர் பாடசாலை வேனா இரிக்கும். மறுகா தலையாட்டி, ஆமிக்கு ஆள் காட்டிக்குடுக்கிற ஆள், யாழ்ப்பாணத்திலயும் இருந்ததுதானே, சாக்கு மூடின தலை, ரெண்டு ஓட்டை, ஆக்களை வரிசையா நடத்திக்கொண்டு வர, தலை ஆடினா முடிஞ்சிது. எங்க வீட்டில "ஓம்" எண்டு வாயால சொல்லாம தலையை ஆட்டினா அடி விழும். இப்ப என்ட பிள்ளைக்கும் நான் அதையே சொல்லுறன், ஏன் எண்டு அவளுக்குத் தெரியா.

ஆனா நான் எழுத வந்தது வேற. என்ட சின்ன மாமாவை 1990ல கொண்டு போனாங்க. ஊரில எல்லாரும் "காணாம போனவர்" எண்டுதான் சொல்லுற. நாங்களும் அப்பிடித்தான் சொல்லி வளர்ந்த. அம்மம்மாதான் சண்டை பிடிப்பா, "அவன் என்ன ஆடா மாடா தானாக் காணாமப் போக? கொண்டுபோனவன் பேர் இல்லையா?" எண்டு. அவவுக்கு எழுதப் படிக்கத் தெரியா. 2017ல கிளிநொச்சியில தாய்மார் றோட்டோரம் கொட்டில் போட்டு இருக்கத் துவங்கினாங்க, அந்தப் பதாகையில "காணாமல் ஆக்கப்பட்டோர்" எண்டு இருந்திச்சு. ஆக்கப்பட்டோர். அம்மம்மா கேட்டுக்கொண்டு இருந்த இலக்கணம் அதுதான். அரசாங்கம் 2016ல சட்டம் போட்டுத் திறந்த அலுவலகத்துக்கு தமிழ்ப் பேர் "காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்". அதுல இன்னும் போனதுதான். ஆரோ ஒரு மொழிபெயர்ப்பாளர்ட வேலை எண்டு விட ஏலாது, அந்தத் தாய்மாரிட்ட கேட்டுப் பாருங்க, ரெண்டுக்கும் உள்ள தூரத்தை கையால அளந்து காட்டுவாங்க.

அலம்பல்

சரி, முதல் எழுதினது கொஞ்சம் கடுப்பில எழுதினது. சோனகதெரு, மனசில வைக்காதேங்கோ.

நான் வேற பக்கத்தால வாறன். கிளிநொச்சியில சமாதான காலத்தில, 2002ல ஏ9 திறந்தாப்பிறகு போனனான். கடை போட் எல்லாம் சுத்தத் தமிழ். பேக்கரி வெதுப்பகம், ஐஸ்கிரீம் குளிர்களி, பாங் வைப்பகம், மோட்டசைக்கிள் உந்துருளி, சாப்பாட்டுக்கடை சுவையூற்று. கொழும்பில இருந்து போன எனக்கு வேற நாட்டுக்கு வந்த மாதிரி. கடைக்குள்ள போய் "அண்ணை, குளிர்களி இருக்கோ" எண்டு பெருமையாக் கேட்டன், அவர் உள்ள திரும்பி "டேய் ஒரு ஐஸ்கிரீம் எடு" எண்டார் :) அப்பிடித்தான் அது. போட்டுக்கு ஒரு தமிழ், வாய்க்கு ஒரு தமிழ்.

எனக்கு விளங்காதது ஒண்டு, கடைக்காரன் கேக் விக்கிறதுக்கு வெதுப்பகம் எண்டு எழுதோணும், ஆனா அவையின்ர பதவிப் பேர் மட்டும் கப்டன், மேஜர், லெப்ரினன்ற் கேணல், பிரிகேடியர். அதை ஏன் தமிழாக்கேல்ல? கேக்கிறதுக்கு அப்ப ஆருக்கும் துணிவில்லை, எனக்கும்தான்.

ஆனா ஒண்டு சொல்லோணும், வெதுப்பகம் நிண்டு பிடிச்சிட்டுது. இப்பவும் அங்க புதுசாத் திறக்கிற கடையளில அந்தப் பேர் பாக்கலாம். சண்டைக்குப் பிறகு பிறந்த பெடியனுக்கு அது இயக்கத்துச் சொல்லு எண்டே தெரியாது, பாண் வாங்கிற இடம், அவ்வளவுதான்.

வன்னிக்காடு

//அவையின்ர பதவிப் பேர் மட்டும்//

அதை விடுங்கோ, சாவுக்கு எத்தினை சொல்லு இருந்தது எண்டு பாருங்கோ. சனம் ஷெல் பட்டா "செத்துப்போச்சு". இயக்கம் எண்டா "வீரச்சாவு". உடம்புக்கு "வித்துடல்". சுடலை இல்லை, "துயிலும் இல்லம்". ஒரே நாள், ஒரே ஷெல்லில அண்ணனும் தம்பியும் போனா ரெண்டு பேருக்கும் ரெண்டு அகராதி. 2009க்குப் பிறகு அந்த ரெண்டாவது அகராதியை வெளியில எடுக்க ஏலாது. எங்கட ஒண்டவிட்ட அண்ணையைப் பற்றிக் கேட்டா பெரியம்மா "மோசம் போட்டான்" எண்டுதான் சொல்லுவா, ஏதோ காய்ச்சலில போன கிழவனுக்குச் சொல்லுற மாதிரி. உயிரோட வந்த இயக்க ஆக்களுக்கு "புனர்வாழ்வு எடுத்தவர்". வேலைக்குப் போனா அதைத்தான் முதல் கேட்கிறது.

சோனகதெரு90

அலம்பல், வைக்கேல்ல. ஊருக்கு வந்தா சோனகதெருப் பக்கம் வாங்க, நான் மாசத்தில ஒருக்கா வாறன், பழைய வீட்டுக்கு சுவர் மட்டும் இருக்கு, ரீ குடிக்க கடை இருக்கு.

மீள்குடியேற்றம் எண்ட சொல்லைப் பற்றியும் ஆராவது எழுதுங்க. பேப்பரில நாங்க மீள்குடியேறிட்டம். என்ர பேர் ஒரு லிஸ்ட்டில இருக்கு, நான் அந்த வீட்டில ஒரு இரவு படுக்கேல்ல இன்னும்.

சங்கக்கடை

பிள்ளையள், எல்லாரும் எழுதினதை ஆறுதலா வாசிச்சன். வன்னிக்காடு, நீ எழுதினது நல்லது மோனை.

நான் ஒரு சின்னக் கதையோட போறன், கண் நோகுது. 2022ல நாட்டில எரிபொருள் இல்லாமல் போச்சே, மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினது, கொழும்பில சனம் பெற்றோல் கியூவில ரெண்டு நாள் நிண்டது. அப்ப கொழும்பில என்ர மகனோட வேலை செய்யிற சிங்களப் பெடியன் ஒருத்தன் கேட்டானாம், "உங்க ஆக்கள் மச்சான் அந்தக் காலத்தில எத்தினை நாள் இப்பிடி இருந்தீங்கள்?" எண்டு. மகன் "அஞ்சு வருசம்" எண்டிருக்கிறான். அவன் கொஞ்ச நேரம் பேசேல்லையாம். பேந்து, "அப்ப எப்பிடிச் சமைச்சனீங்கள் எண்டு உங்கட அம்மாவிட்ட கேட்டுச் சொல்லு" எண்டிருக்கிறான். மனுசி ரெலிபோனில அரை மணித்தியாலம் வகுப்பெடுத்தவ. அவவுக்குச் சிங்களம் பாதிதான் தெரியும், அவனுக்குத் தமிழ் தெரியாது, விறகு, உமி, மரத்தூள் அடுப்பு எல்லாம் மகன்தான் நடுவில நிண்டு மாத்திச் சொன்னவன்.

எங்கட வீட்டு சாமானறையில ஜாம் போத்தல் ரெண்டு அப்பிடியே இருந்தது. எடுத்துத் துடைச்சா உள்பக்கக் கரி போகேல்ல. ஆனா பழைய கரி இருந்தாத்தான் வெளிச்சம் கண்ணைக் குத்தாது எண்டு மனுசி சொல்லிப்போட்டா, அப்பிடியே கொளுத்தினம்.

கிடுகுவேலி

ஐயா, மகள் இந்த இழையை நான் வாசிச்சுக் காட்டக் கேட்டுக்கொண்டு இருக்கிறாள், எல்லாம் இல்லை, சிலதைத் தாண்டித்தான் வாசிச்சனான். அவளுக்கு அந்த விளக்கு செய்து பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகோணுமாம். ஜாம் போத்தல் இருக்கு, பஞ்சு இருக்கு. பள்ளிக்கூடத்தில கொளுத்த விடமாட்டாங்கள், சும்மா காட்டத்தான். வால்வு கட்டைக்குப் பதிலா வேற என்ன வைக்கலாம்?

சங்கக்கடை

வேற ஒண்டும் சரிவராது, பேனைக்குழாய் வைச்சா உருகும், நாங்கள் அதெல்லாம் பாத்துத்தான் வால்வு கட்டைக்கு வந்தது. சைக்கிள் கடையில பழைய ரியூப் கேள், எறியத்தான் வைச்சிருப்பான். அடியோட சேத்து ஒரு ரெண்டு விரல் அகலத்துக்கு ரப்பரை விட்டு வெட்டோணும், ரப்பர் இல்லாட்டி பஞ்சில நிக்காது.

மதுரைவீதி

ஐயா, ரயர் டியூப்பா? :)

சங்கக்கடை

ரியூப். இன்னும் பழகேல்ல நீ.